தைந்நீராடலும் மார்கழி நீராடலும்: ஒரு நோன்பின் மாதம் மாறியதா?

சங்கப் பாடல்களில் இளம்பெண்கள் குளிர்நீரில் ஆடி நோன்பு இருக்கும் மாதம் தை. சில நூற்றாண்டுகள் கழித்து ஆண்டாள் திருப்பாவையிலும் மாணிக்கவாசகர் திருவெம்பாவையிலும் பாடும்போது அது மார்கழி. விடியலுக்கு முன் எழுதல், தோழியரை அழைத்துச் செல்லுதல், துறையில் நீராடுதல், மழையும் நல்ல கணவனும் வேண்டுதல் என்று நோன்பின் உறுப்புகள் பெரிதும் ஒத்திருக்கின்றன. மாதத்தின் பெயர் மட்டும் வேறு.

தைந்நீராடல் எப்படி மார்கழி நீராடல் ஆயிற்று என்ற கேள்வி, சங்க நூல்கள் அச்சேறிய காலம் முதல் தமிழ் ஆய்வுலகில் இருந்துவருகிறது. வானியல், பஞ்சாங்கம், சமய வரலாறு, நாட்டார் வழக்கு ஆகிய பல துறைகளிலிருந்தும் விடைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பகுதியை விளக்குகிறது. எதுவும் தனியாக முழுவதையும் விளக்கவில்லை. அந்த விடைகளை வரிசைப்படுத்தி, அவற்றின் வலிமையையும் குறையையும் எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கப் பாடல்கள் தரும் சான்று

தை மாத நீரைப் பற்றிய சங்கக் குறிப்புகள் சிலவே. ஆனால் ஒரே திசையைக் காட்டுபவை. நற்றிணை 80இல் காதல்நோய்க்கு மருந்து தேடும் தலைவன், தோழியரோடு தை மாதக் குளத்தில் நீராடும் அந்தப் பெண்ணைத் தவிர வேறு மருந்து இல்லை என்கிறான். ஐங்குறுநூறு 84 மகளிர் ஆடும் தை மாதக் குளத்தைப் பலரும் தோயும் தலைவனின் மார்புக்கு உவமையாகக் கொள்கிறது. கலித்தொகை 59 தையில் நீராடிய தவத்தின் பயனைப் பற்றிப் பேசுகிறது. அங்கே நீராடல் விளையாட்டாக நிற்காமல், பயன் கருதிச் செய்யும் தவமாகவே சொல்லப்படுகிறது.

நீராடலைக் குறிக்காமல் தை மாத நீரின் தன்மையை மட்டும் சொல்லும் பாடல்களும் உண்டு. குறுந்தொகை 196இல் பாரியின் பறம்புமலைச் சுனையிலுள்ள தை மாதத் தண்ணீர், குளிர்ச்சிக்கும் தெளிவுக்கும் எல்லையாக நிற்கிறது. புறநானூறு 70இல் கோவூர் கிழார், எடுக்க எடுக்கக் குறையாத சோற்றுவளத்துக்குத் தை மாதக் குளத்தை உவமையாக்குகிறார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரி குளங்கள் நிறைந்து, கலங்கல் அடங்கித் தெளிந்திருக்கும் காலம் அது. நீராட அந்த மாதம் வாய்ப்பாக இருந்ததற்கு நிலத்தின் இயல்பும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

நோன்புணவுக்கும் சான்று இருக்கிறது. மழையில் முதுகு நனைய அமர்ந்து தினை தின்னும் குரங்கை நற்றிணை 22, நோன்பிகள் தையில் உண்ண அமர்ந்திருக்கும் காட்சிக்கு ஒப்பிடுகிறது. அகநானூறு 269இல் மகளிர் வண்டற்பாவையைத் துறைக்குக் கொண்டுவந்து குரவை ஆடுகிறார்கள். அங்கு வரும் ‘தைஇ’ என்ற சொல்லை மாதப்பெயராகக் கொள்வோர், பாவை வழிபாட்டுக்கும் தை மாதத்துக்கும் இருந்த உறவை அப்பாடலில் காண்கிறார்கள்.

இந்தப் பாடல்கள் எதுவும் நோன்பு எந்த நாளில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, எந்தத் தெய்வத்துக்கு உரியது என்று சொல்வதில்லை. பின்வந்த விவாதங்களுக்கெல்லாம் இந்த மௌனமே இடம் கொடுத்தது.

பரிபாடல் 11: இரண்டு மாதமும் ஒரே பாட்டில்

அந்த மௌனத்தை ஓரளவு கலைப்பது நல்லந்துவனார் வையையைப் பாடிய பரிபாடல் 11. உ.வே.சாமிநாதையர் 1918இல் பரிபாடலைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தபோது இந்த விவாதத்தின் முதன்மைச் சான்று வெளிச்சத்துக்கு வந்தது.

மழை பெய்து வையையில் வெள்ளம் பெருகியதைச் சொல்லித் தொடங்கும் பாடல், மழைக்காலம் கழிந்தபின் வரும் முழுநிலவோடு கூடிய ஆதிரை நாளுக்கு வருகிறது. அந்தணர் விழாத் தொடங்குகிறார்கள். உலகம் வெப்பத்தால் வாடாதிருக்கட்டும் என்று வேண்டிக் கன்னியர் ‘அம்பா ஆடல்’ ஆடுகிறார்கள். முறை அறிந்த மூத்த பெண்கள் வழிகாட்டுகிறார்கள். பனி பொழியும் விடியலில் நீராடி, குளிர்காற்று வீச, கரையில் வேதியர் வளர்த்த தீயில் ஈர உடையைப் புலர்த்திக்கொள்கிறார்கள். இதே நீராட்டைத்தான் பாடல், தாயின் அருகே நின்று ஆடும் தவமாகிய தைந்நீராடல் என்று குறிக்கிறது.

ஆதிரையும் தையும் இவ்வாறு ஒரே பாட்டில், ஒரே நீராட்டுக்கு உரியவையாக வருகின்றன. இந்தச் சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளச் சிறு கணக்கு ஒன்று போதும். முழுநிலவன்று சூரியனும் சந்திரனும் வானில் எதிரெதிரே நிற்கும். சந்திரன் ஆதிரையில் நின்றால் சூரியன் தனுசு ராசியில் இருந்தாக வேண்டும். சூரியன் தனுசில் இருக்கும் மாதமே மார்கழி. ஆகவே ஆதிரையில் முழுநிலவு, இன்றைய சூரிய மாதக் கணக்கில், ஏறத்தாழ மார்கழி 7 முதல் 20க்குள்தான் நிகழ முடியும். பரிபாடல் சொல்லும் நாள் மார்கழித் திருவாதிரை என்பதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை. அப்படியானால் மார்கழியில் தொடங்கும் நீராட்டுக்குத் தை என்று ஏன் பெயர்?

பாடலின் காலமும் விவாதத்துக்கு உரியது. அதன் தொடக்கத்திலுள்ள கோள்நிலையைக் கொண்டு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 என்று கணித்தார். அதை ஏற்காமல் முற்பட்ட காலம் சொல்வோரும் உண்டு. எந்தக் காலத்தை ஏற்றாலும் மேலே சொன்ன ஆதிரைக் கணக்கு மாறாது. காரணம், அது விண்மீனையும் ராசியையும் மட்டுமே சார்ந்தது.

பக்திப் பாடல்களின் மார்கழி

திருப்பாவையின் முதற்பாட்டு மார்கழியையும் முழுநிலவையும் சேர்த்தே குறிக்கிறது. இன்று மார்கழி முதல் நாளில் தொடங்கி நாளுக்கு ஒரு பாட்டாக முப்பது பாட்டும் ஓதப்படுகின்றன. நிலவு வளர்கிறதா தேய்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆனால் பாடலின் உள்ளே நோன்பு நிலவைக் கொண்டே தொடங்குகிறது. ஓதும் முறை சூரிய மாதத்தையும் ஓதப்படும் பாடல் நிலவையும் பற்றி நிற்கும் இந்த வேறுபாடு கவனத்துக்குரியது.

திருவெம்பாவையின் இருபது பாடல்கள் சிவாலயங்களில் திருவாதிரைக்கு முந்தைய நாட்களில் ஓதப்படுகின்றன. ஆதிரை நாளோடு விழா நிறைவடைகிறது. பரிபாடலில் ஆதிரை நோன்பின் தொடக்கம். சைவ வழக்கில் அது முடிவு. மாதம் மாறியதா என்று கேட்ட அளவுக்கு, ஆதிரை நோன்பின் தலையிலிருந்து கடைக்கு எப்போது போயிற்று என்று அதிகம் கேட்கப்படவில்லை. இதுவும் ஆராயத்தக்கது.

ஆண்டாளிடம் தை மறைந்துவிடவும் இல்லை. நாச்சியார் திருமொழியின் முதல் பத்தில், தை மாதம் முழுவதும் தரை விளக்கிக் கோலமிட்டு, மாசித் தொடக்கத்தில் வீதி அலங்கரித்து, வெளுக்கும் முன் துறையில் படிந்து காமனை நோற்கிறாள் தலைவி. அவருடைய இரு நூல்களுள் ஒன்று மார்கழியையும் மற்றொன்று தையையும் நோன்புக்குரியதாக வைத்திருக்கின்றன. பழைய மாதம் அகன்று புதிய மாதம் அதன் இடத்தில் வந்தமர்ந்தது என்று எளிதாகச் சொல்ல இந்தச் சான்று இடம் தராது.

முதல் விடை: நிலவு மாதக் கணக்கு

அறிஞர் பலரை ஈர்த்த விடை பஞ்சாங்கத்திலிருந்து வருகிறது. இந்திய மரபில் நிலவு மாதத்தை எண்ண இரு முறைகள் உண்டு. அமாவாசையில் முடிவது ஒன்று. முழுநிலவில் முடிவது மற்றொன்று. இரண்டாவது பூர்ணிமாந்தம் எனப்படும். வட இந்தியாவில் பெரும்பகுதி இன்றும் இதைப் பின்பற்றுகிறது. இந்த முறையில் ஒரு மாதம், அது முடியும் முழுநிலவு எந்த விண்மீனருகே நிற்கிறதோ அதன் பெயரைப் பெறும்.

தை என்ற பெயர் பூச மீனின் வடமொழிப் பெயரான திஷ்யத்திலிருந்தும், மார்கழி மிருகசீரிடத்தைச் சார்ந்த மார்கசீர்ஷத்திலிருந்தும் வந்தவை என்பர். பூசத்தில் முழுநிலவோடு முடியும் மாதம் தை என்றால், அது தொடங்குவது அதற்கு முந்தைய முழுநிலவில், அதாவது மிருகசீரிடம் அல்லது ஆதிரையருகே நிலவு நிறையும் நாளில். பரிபாடல் சொல்லும் ஆதிரை முழுநிலவு அந்தக் கணக்கில் தை மாதத்தின் வாயில். அன்று தொடங்கும் நீராட்டுக்குத் தைந்நீராடல் என்ற பெயர் முற்றும் பொருந்துகிறது. பின்னாளில் சூரிய மாதக் கணக்கு நிலைத்தபோது அதே நாட்கள் மார்கழிக்குள் அகப்பட்டன. நோன்பு நகரவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது என்பது இந்தத் தரப்பின் முடிவு.

இதற்கு வாழும் இணை ஒன்று உண்டு. பிரயாகையில் கங்கைக் கரையில் ஒரு மாதம் தங்கிச் செய்யும் மாக நீராடல், பௌஷ முழுநிலவன்று தொடங்கி மாக முழுநிலவன்று முடிகிறது. தொடங்கும் நாளின் பெயர் ஒன்று, நோன்பின் பெயர் மற்றொன்று. ஆதிரையில் தொடங்கியது தைந்நீராடல் ஆனதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புமை கிடைப்பது அரிது.

முடிவுப்புறத்துக்கும் ஒரு சான்று காட்டலாம். தேவாரம் பாடிய காலத்தில் திருவிடைமருதூரில் தைப்பூச நீராடல் சிறப்பாக இருந்ததை அப்பர், சம்பந்தர் பாடல்களிலிருந்து அறிகிறோம். ஆதிரை முழுநிலவில் தொடங்கும் ஒரு மாதம் பூச முழுநிலவில் முடியும். அந்த இரு நாட்களும் தமிழகத்தில் நீராட்டோடும் விழாவோடும் தொடர்ந்து இணைந்திருக்கின்றன.

இந்த விளக்கத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். சங்ககாலத் தமிழர் பூர்ணிமாந்தக் கணக்கைப் பின்பற்றினர் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. கார்த்திகை விளக்கீட்டை முழுநிலவோடு சேர்த்துச் சொல்லும் அகநானூறு 141 போன்ற பாடல்கள் நிலவைக் கவனித்த மரபைக் காட்டுகின்றன. மாதம் எங்கே தொடங்கியது என்று அவை சொல்வதில்லை. மறுபுறம், நெடுநல்வாடை மேடத்தைத் தலையாகக் கொண்ட ராசி மண்டலத்தை அறிந்திருக்கிறது. இரண்டு கணக்குகளும் அருகருகே வழங்கியிருக்கலாம். சோழர் கல்வெட்டுகள் ‘தனு நாயிறு’, ‘மகர நாயிறு’ என்று சூரிய மாதத்தையும் அதற்குள் வளர்பிறை தேய்பிறையையும் சேர்த்துக் குறிப்பது அந்தக் கலப்பு நெடுங்காலம் நீடித்ததைக் காட்டுகிறது. மேலும், முழுநிலவு எல்லா ஆண்டும் ஆதிரையில் விழாது. பரிபாடல் சொல்வது பொதுவிதியா, ஒரு குறிப்பிட்ட ஆண்டின் நிகழ்வா என்ற ஐயம் எஞ்சுகிறது.

இரண்டாம் விடை: வானத்தின் நகர்வு

வானியலை முன்வைக்கும் இன்னொரு தரப்பு, விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட மாதங்கள் பருவங்களோடு ஒப்பிடும்போது மெல்லப் பின்தள்ளிப் போவதைச் சுட்டுகிறது. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்பது அந்த வேகம். இன்று தை முதல் நாள் சனவரி 14 அல்லது 15இல் வருகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் மகரப் பிறப்பு, சூரியன் தென்கோடியிலிருந்து வடக்கு நோக்கித் திரும்பும் நாளோடு ஒத்திருந்தது. இன்றைய நாட்காட்டியில் அது டிசம்பர் மூன்றாம் வாரத்தின் கடைசி.

ஆகவே சங்ககாலத் தை, இன்றைய மார்கழியின் குளிரில் தொடங்கியது. நோன்பு மாதப்பெயரைப் பற்றாமல் பருவத்தைப் பற்றி நின்றிருந்தால், காலப்போக்கில் அது தையிலிருந்து மார்கழியை நோக்கி நகர்ந்திருக்கும். திசை சரியாகவே பொருந்துகிறது.

அளவுதான் பொருந்தவில்லை. திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் அதன் காலத்தைக் கி.பி. 731 என்று கணித்தார். அந்தக் கோள்நிலை மீண்டும் மீண்டும் வரக்கூடியது என்பதால் வேறு ஆண்டுகளை முன்மொழிந்தோரும் உண்டு. 731 என்று கொண்டாலும் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி என்று கொண்டாலும், மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அதுவரை ஏற்பட்ட நகர்வு ஆறு முதல் ஒன்பது நாட்களே. ஒரு மாதம் முழுதும் மாறுவதற்கு அது போதாது. தொல்காப்பிய மரபில் மார்கழியும் தையும் சேர்ந்தே முன்பனிக்காலம் என்பதால், சில நாள் நகர்வு பருவ உணர்வைக் குலைத்திருக்கவும் வாய்ப்பில்லை. வானத்தின் நகர்வு ஒரு துணைக்காரணமாக இருந்திருக்கலாம். முதற்காரணமாக இருந்திருக்க முடியாது.

மூன்றாம் விடை: காத்தியாயனி விரதம்

பாகவத புராணத்தின் பத்தாம் காண்டத்தில் ஆயர்மகளிர் ஹேமந்த பருவத்தின் முதல் மாதத்தில் யமுனையில் விடியலில் நீராடி, மணலால் தேவியின் உருவம் செய்து, கண்ணனைக் கணவனாக வேண்டிக் காத்தியாயனியை வழிபடுகிறார்கள். பாவை, நீராடல், விடியல், கணவன் வேண்டல் யாவும் அங்கே உள்ளன. மாதம் மார்கசீர்ஷம். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் மாதங்களுள் தான் மார்கசீர்ஷம் என்று கண்ணன் சொல்வதும் இதோடு சேர்கிறது. ஆகவே பழைய தை நோன்பு, வடமொழி மரபின் செல்வாக்கால் மார்கழிக்கு இழுக்கப்பட்டது என்பது இந்தத் தரப்பு.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது காலம். பாகவதத்தை ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் தென்னாட்டில் உருவானதாகக் கருதும் ஆய்வாளர்கள் பலர். ஃபிரீட்ஹெல்ம் ஹார்டி 1983இல் வெளியிட்ட விரக பக்தி பற்றிய நூலில், ஆழ்வார்களின் உணர்வுலகம் பாகவதத்துக்குள் சென்றதை விரிவாக வாதிட்டார். அப்படியானால் கடன் எந்தத் திசையில் சென்றது என்பது திறந்த கேள்வி. தமிழ்ப் பாவை நோன்பே வடமொழிப் புராணத்தில் இடம்பெற்றிருக்கவும் கூடும்.

இரண்டாவது நாட்காட்டி. பூர்ணிமாந்தக் கணக்கில் மார்கசீர்ஷம் கார்த்திகை முழுநிலவிலிருந்து மார்கசீர்ஷ முழுநிலவு வரை நீள்வது. பரிபாடலின் கன்னியர் நீராடத் தொடங்கும் நாளில் அது முடிந்தே போகிறது. வடமொழி மார்கசீர்ஷமும் தமிழ் மார்கழியும் பெயரில் ஒன்றானாலும் நாட்களில் முழுதும் ஒன்றல்ல. பெயரொற்றுமையை மட்டும் கொண்டு கட்டிய வாதம் இங்கே தளர்கிறது.

நான்காம் விடை: பக்தி இயக்கத்தின் தேர்வு

சமய வரலாற்று நோக்கில், மாதத்தைவிட நோன்பின் உரிமையே முதன்மையான மாற்றம். சங்கப் பாடல்களில் நோன்பு பெண்களுடையது. அது நடப்பது குளத்திலும் ஆற்றுத்துறையிலும். எந்தக் கோயிலோடும் அது கட்டுண்டதாகத் தெரியவில்லை. பக்திப் பாடல்களில் நீராடல் இறைவனின் வாயிலை நோக்கிச் செல்லும் வழியாகிறது. மழைவேண்டல் திருப்பாவையில் நிலைக்கிறது. கணவன் வேண்டல் திருவெம்பாவையில் சிவனடியாரையே கணவராகப் பெறும் வேண்டுதலாக மாறுகிறது. பாவை என்ற உருவம் பின்னுக்குப் போய், ‘எம்பாவாய்’ என்னும் விளியாக மட்டும் எஞ்சுகிறது.

இந்தத் தரப்பின்படி, இரு சமயத்துக்கும் மார்கழியைத் தேர்ந்துகொள்ளத் தனித்தனிக் காரணம் இருந்தது. ஆதிரை சிவனுக்குரிய மீன். அப்பர் திருவாரூர் ஆதிரை விழாவைத் தனிப் பதிகமாகவே பாடினார். சம்பந்தரின் மயிலைப் பூம்பாவைப் பதிகத்தில் ஆதிரை விழாவும் தைப்பூசமும் அடுத்தடுத்து வருகின்றன. வைணவத்துக்கோ மார்கசீர்ஷம் கண்ணன் தன்னையே இட்டுச் சொன்ன மாதம். முழுநிலவிலிருந்து முழுநிலவு வரை இரு மாதங்களிலும் பரந்திருந்த நோன்பின் தொடக்கப் பாதியை இரு சமயங்களும் தத்தம் கோயில் நாட்காட்டியில் பதித்துக்கொண்டன. முடிவுப் பாதி தைப்பூசமாகத் தனிவழி சென்றது.

இது கவர்ச்சியான விளக்கம். தெய்வ மாற்றத்தையும் மாதமாற்றத்தையும் ஒருசேரத் தொடுகிறது. ஆனால் ‘தேர்வு’ என்று சொல்லும்போது திட்டமிட்ட முடிவு ஒன்று இருந்ததாக நாம் எண்ணிவிடக் கூடாது. கவிஞர்கள் தம் காலத்துப் பெண்களிடம் ஏற்கெனவே மார்கழி நோன்பாக வழங்கியதையே பாடியிருக்கலாம். நாச்சியார் திருமொழியில் தை நோன்பு காமனுக்கு உரியதாக நிற்பது, வெவ்வேறு நோன்புகள் ஒரே காலத்தில் வழங்கியதையும் காட்டக்கூடும்.

ஐந்தாம் விடை: தேவர்களின் வைகறை

மரபார்ந்த விளக்கம் வேறொரு தளத்தில் இயங்குகிறது. மனிதரின் ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை பகல். ஆடி முதல் மார்கழி வரை இரவு. ஆறு மாத இரவில் ஒரு மாதம் இரண்டு மணி நேரம். அந்த இரவின் கடைசி மாதமான மார்கழி, விடியலுக்கு முந்தைய இரண்டு மணி. துயிலெழுப்பும் பாடல்கள் மார்கழிக்கு உரியவை ஆனதன் அழகு இதில் விளங்குகிறது.

இது மாதத்தின் பொருளைச் சொல்லும் விளக்கம், வரலாற்றைச் சொல்வதன்று. சங்ககாலம் ஏன் தை என்றது என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. ஆனால் மார்கழி ஒருமுறை நிலைத்தபின் அது ஏன் மறுபடி பெயரவில்லை என்பதற்கு இந்த நம்பிக்கையின் பிடிப்பு ஒரு காரணமாகலாம்.

ஏடுகளுக்கு வெளியே உள்ள சான்றுகள்

கேரளத்தில் தனு மாதத் திருவாதிரைக்குப் பெண்கள் நோன்பிருந்து, விடியலுக்கு முன் குளத்தில் இறங்கி, நீரைக் கையால் அடித்து ஒலியெழுப்பிப் பாடி ஆடுகிறார்கள். துடிச்சுகுளி என்று அதற்குப் பெயர். கணவனின் நலமும் நல்ல கணவன் வாய்ப்பதும் அங்கே வேண்டுதல்கள். பழைய சேரநாட்டில், ஆதிரையோடு கட்டுண்டு, இந்த நீராட்டு இன்றும் பெண்கள் கையில் இருக்கிறது. பரிபாடலின் காட்சிக்கு மிக நெருங்கிய உயிர்ச்சான்று இதுவே.

கடல் கடந்தும் ஒரு தடம் உண்டு. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பவாய், திரிபவாய் சடங்குகளின் பெயர்கள் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றிலிருந்து வந்தவை. பாங்காக்கில் 1784இல் எழுப்பிய பேரூஞ்சலில் ஆடும் விழா இதன் பகுதியாக இருந்தது. ஊஞ்சலாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது. அங்கும் இச்சடங்கு முதலில் ஆண்டின் முதல் நிலவு மாதத்தில் நடந்து, பாங்காக் அரசின் தொடக்கக் காலத்தில் இரண்டாம் மாதத்துக்கு மாற்றப்பட்டது. நோன்புகள் மாதம் மாறுவது அரிய நிகழ்வல்ல என்பதற்கும், மாறியபின்னும் பெயர் நிலைப்பதற்கும் இது எடுத்துக்காட்டு.

மூன்றாவது சான்று தமிழக வாசல்களிலேயே இருக்கிறது. மார்கழியில் கோலத்தின் நடுவே சாணப்பிள்ளையார் வைத்து அதில் பூசணிப்பூ செருகுவார்கள். தென்மாவட்டங்களில் அந்தப் பூவோடு சேர்த்துச் சாணத்தைத் தட்டிக் காயவைத்துச் சேர்த்துவைப்பார்கள். தை பிறந்தபின், சிறுமிகளுக்காக மண்ணால் சிறுவீடு கட்டிப் பொங்கலிட்டு, அந்தப் பூவிரட்டிகளை ஆற்றிலோ குளத்திலோ விடுவது சிறுவீட்டுப் பொங்கல். கன்னிப்பெண்கள், விடியல், கையால் செய்த உரு, கடைசியில் நீர் என்று பாவை நோன்பின் உறுப்புகள் இங்கே சிதறிக் கிடக்கின்றன. இதைப் பழைய நோன்பின் நேரடி எச்சம் என்று உறுதியாகச் சொல்ல ஏட்டுச் சான்று இல்லை. ஆனால் மார்கழியும் தையும் ஒரே சடங்கின் இரு முனைகளாக இருக்க முடியும் என்பதை இது கண்முன் காட்டுகிறது.

மதிப்பீடு

தொகுத்துப் பார்த்தால், நிலவு மாதக் கணக்கே இதுவரை வந்த விடைகளுள் வலிமையானது. பரிபாடல் 11இல் ஆதிரையும் தையும் ஒருங்கே வருவதை முரண்பாடின்றி விளக்குவது அது ஒன்றே. முழுநிலவில் தொடங்கி முழுநிலவில் முடியும் ஒரு நோன்பு, சூரியக் கணக்கில் பாதி மார்கழியிலும் பாதி தையிலும் விழும். ‘மார்கழியா தையா’ என்ற கேள்வியே சூரிய மாதம் உறுதிப்பட்ட பிறகுதான் பிறக்க முடியும். பக்தி இயக்கத்தின் விளக்கம் இதற்கு எதிரானதன்று. இரு பெயர்களுள் மார்கழி ஏன் வென்றது என்பதைச் சொல்ல அது தேவைப்படுகிறது. வானத்தின் நகர்வுக்குச் சிறு பங்கு தரலாம். காத்தியாயனி விரதத்தை மூலமாகக் கொள்வது காலக்கணக்கில் நிற்பது கடினம். இணையான வழக்காகக் கொள்வதில் தடையில்லை.

தீராதவை மூன்று. சங்ககாலத் தமிழகத்தில் மாதம் எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு நேரடிச் சான்று இன்னும் தேவை. நோன்பின் தொடக்கமாக இருந்த ஆதிரை, சைவ ஓதுமுறையில் முடிவாக ஆனது எப்போது, எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது. பெண்கள் துறையில் நடத்திய நோன்பு கோயிலுக்குள் வந்தபோது எவை விடுபட்டன என்பதற்கு, ஏடுகளைவிட ஊர்வழக்குகளே விடை தரக்கூடும். சிறுவீட்டுப் பொங்கல், திருவாதிரைக் குளியல் போன்றவை ஊர்தோறும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகின்றன என்று முறையாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். அந்த வழக்குகளை அறிந்த மூத்த பெண்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.

அதுவரை ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: மார்கழி வாசலில் வைத்த பூ, தையில்தான் நீரைச் சேர்கிறது.